ஓவியமும் சான்றும்: தொடக்ககால அமெரிக்க வரலாற்றுப் படங்களைத் தேடுதல்



வரலாற்றைப் படங்காட்டி விளக்கும் முறை இன்று எங்கும் பரவியுள்ளது. தொடக்ககால அமெரிக்க வரலாற்றைப் பற்றி உரை நிகழ்த்தப் புகுவோர் படங்களுக்காக அலைய வேண்டுவதில்லை. பனிக்கட்டிகள் மிதக்கும் டெலவர் ஆற்றில், படகின் முன்புறம் நிமிர்ந்து நிற்கும் வாஷிங்டனின் ஓவியத்தை அறியாதார் சிலரே. ஆனால், படம் கிடைப்பது எளிது. அப்படத்தின் வரலாறு கிடைப்பதே அரிது. வரைந்தவர் யார்? கண்டு வரைந்தாரா, கேட்டு வரைந்தாரா? பிறர் வரைந்ததைப் பார்த்துப் படியெடுத்தாரா? இவ்வினாக்களுக்கு விடை தரும் படமே சான்றாகும். பிறவெல்லாம் உரைக்கு அணி செய்யலாம். உண்மைக்குத் துணை செய்யா.

ஒளிப்படக் கலை உலகிற்கு அறிவிக்கப்பட்டது 1839ஆம் ஆண்டில். எனவே, குடியேற்றக் காலத்திற்கும் விடுதலைப் போர்க் காலத்திற்கும் உரிய காட்சிகள் யாவும் மனிதக் கையால் தீட்டப்பட்டவையே. வாஷிங்டன் ஆற்றைக் கடந்தது 1776 டிசம்பர் 25ஆம் நாள் இரவு. அவ்வோவியத்தைத் தீட்டிய இமானுவேல் லாய்ட்சே பிறந்ததோ 1816இல். இன்று காணப்படும் பெரிய ஓவியம் செருமனியின் டூசல்டார்ப் நகரில் 1851இல் முடிவுற்றது. அதில் பறக்கும் விண்மீன் கொடி 1777 சூன் திங்களில்தான் ஏற்கப்பட்டது. அது 19ஆம் நூற்றாண்டின் நாட்டுப்பற்றுக்குச் சான்று. 1776ஆம் ஆண்டின் இரவுக்குச் சான்றன்று.

அவ்வாறாயின், கண்டு வரைந்த படங்கள் உளவா எனின், உள. அவற்றுள் தலையாயவை ஜான் ஒயிட் என்னும் ஆங்கிலேயர் தீட்டிய நீர்வண்ண ஓவியங்கள். சர் வால்டர் ராலே அனுப்பிய குழுவுடன் 1585இல் அவர் ரோனோக் தீவுக்குச் சென்றார். அது இன்றைய வட கரோலினா மாநிலக் கரையில் உள்ளது. அறிஞர் தாமஸ் ஹேரியட் அந்நிலத்தைச் சொல்லால் பதிவு செய்ய, ஒயிட் வண்ணத்தால் பதிவு செய்தார். செகோட்டன் என்னும் ஊரில் மூன்று பருவங்களில் நிற்கும் மக்காச்சோளக் கொல்லை, மரவேலி சூழ்ந்த பொமேயோக் ஊர், மீன்பிடிக்கும் தோணி, உண்ண அமர்ந்த கணவனும் மனைவியும் என அல்கோங்கியன் மொழி பேசிய மக்களின் அன்றாட வாழ்வு அவ்வோவியங்களில் விரிகிறது. ஒன்றில், பொமேயோக் தலைவனின் மனைவியருகே எட்டு அல்லது பத்து வயதுச் சிறுமி நிற்கிறாள். அவள் கையில் ஆங்கிலேயர் தந்த பொம்மை ஒன்று உள்ளது. இரண்டு உலகங்கள் சந்தித்த கணத்தை அப்பொம்மையினும் சுருங்கச் சொல்ல இயலாது.

ஒயிட்டின் வாழ்வும் துயர் மிக்கது. 1587இல் அவர் ஆளுநராகி மீண்டும் ரோனோக் சென்றார். அவ்வாண்டு ஆகஸ்டு 18ஆம் நாள் பேர்த்தி வர்ஜீனியா டேர் அங்கே பிறந்தாள். உணவும் உதவியும் பெற்றுவர இங்கிலாந்து சென்றவர், போர்ச்சூழலால் 1590இல்தான் திரும்ப முடிந்தது. மக்கள் எவரும் அங்கில்லை. கம்பம் ஒன்றில் ‘குரோட்டோவன்’ என்னும் சொல் மட்டும் செதுக்கப்பட்டிருந்தது. அவர் புதைத்து வைத்த பெட்டிகளும் தோண்டப்பட்டுக் கிடந்தன; நூல்கள் அட்டை கிழிந்தும், படங்களின் சட்டங்கள் மழையில் நைந்தும் கிடந்ததை அவரே எழுதியுள்ளார்.

எஞ்சிய ஓவியங்களின் பயணமும் எளிதன்று. அவர் நேரில் வரைந்த முதற்குறிப்புகள் இன்றில்லை. அவற்றைக் கொண்டு அவரே தீட்டிய தொகுதி ஒன்றே எஞ்சியது. 1865இல் அது இலண்டனில் ஏலத்துக்கு வந்தபோது தீ விபத்து நேர்ந்தது. தீயணைக்கப் பாய்ச்சிய நீரில் தாள்கள் ஊறி, வண்ணங்கள் எதிர்த்தாள்களில் நிழலாகப் படிந்தன. 1866இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகம் ஓவியங்களுடன் அந்நிழற்படிவுகளையும் சேர்த்துப் பெற்றுக் காத்து வருகிறது.

ஆனால், உலகம் நெடுங்காலம் கண்டது ஒயிட்டின் ஓவியங்களை அன்று. 1590இல் பிராங்பர்ட்டில் தியோடர் டி பிரை என்பவர் அவற்றைச் செப்புத் தகட்டில் செதுக்கி, ஹேரியட்டின் நூலுடன் நான்கு மொழிகளில் வெளியிட்டார். செதுக்குளி பட்டவுடன் உருவங்கள் மாறின. முகங்கள் ஐரோப்பிய முகங்களாயின. உடல்கள் கிரேக்கச் சிலைகளின் திரட்சி பெற்றன. வெறுந்தாளாக இருந்த பின்புலத்தில் ஆறும் கரையும் தோன்றின. சிறுமியின் மற்றொரு கையில் கிலுகிலுப்பை ஒன்றும் முளைத்தது. அப்படங்களைத் தழுவியே ஜான் ஸ்மித்தின் 1624ஆம் ஆண்டு நூலிலும், ராபர்ட் பெவர்லியின் 1705ஆம் ஆண்டு நூலிலும் படங்கள் அமைந்தன. 120 ஆண்டுகள் கழிந்த பின்னும், படியின் படியே ஒரு மக்களினத்தின் முகமாக நின்றது. தம்மைத் தாமே தாளில் வரைந்து வைக்காத மக்களுக்கு இஃது எத்தகைய இழப்பு என்பது எண்ணத்தக்கது.

மூலத்தைத் தேடிச் செல்வதன் பயனுக்கு ஒயிட்டின் நிலப்படம் ஒன்றே போதும். அதில் ஒட்டப்பட்டிருந்த சிறு தாள்துண்டின் அடியில் கோட்டைக் குறி ஒன்று மறைந்திருப்பது 2012இல் ஒளி ஊடுருவிய ஆய்வால் தெரியவந்தது. அக்குறி காட்டிய திசையில் அகழ்ந்தோர் ஆங்கிலேய மட்பாண்டச் சில்லுகளைக் கண்டனர். காணாமற்போன குடியேறிகளுள் சிலர் அங்குச் சென்றிருக்கலாம் என்பது அவர்தம் கருத்து. அச்சுப்படிகள் எவற்றிலும் கிடைக்காத செய்தியை மூலத்தாள் 400 ஆண்டுகளுக்கு மேலாகக் காத்து வைத்திருந்தது.

நிகழ்ச்சி நடந்த சில வாரங்களிலேயே வந்த படமும் பொய் கூறும். 1770 மார்ச் 5ஆம் நாள் இரவு பாஸ்டன் தெருவில் படைவீரர் சுட்டதில் ஐவர் மாண்டனர். பால் ரெவியர் வெளியிட்ட படத்தில் வீரர்கள் வரிசையாக நின்று தலைவன் ஆணையிடச் சுடுகின்றனர்; வானமோ நீலமாக விளங்குகிறது. ஹென்றி பெல்ஹாம் வரைந்ததைத் தழுவியே அப்படம் அமைந்தது. தம் உழைப்பைக் கவர்ந்ததாக ரெவியருக்குப் பெல்ஹாம் கடுமையாகக் கடிதம் எழுதினார். ஆணையிட்டதாகக் காட்டப்பட்ட தலைவர் பிரெஸ்டனை நீதிமன்றம் குற்றமற்றவர் என விடுவித்தது. எனினும், தீர்ப்பை அறிந்தவரினும் படத்தை அறிந்தவரே மிகுதி.

தமிழ் மண்ணோடு தொடர்புடைய படமும் ஒன்றுண்டு. பாஸ்டனில் 1649இல் பிறந்து, 1687 முதல் 1692 வரை சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநராக இருந்தவர் எலிகு யேல். அவர் அளித்த நூல்களையும் சரக்குப் பொதிகளையும் பெற்ற கனெக்டிகட் கல்லூரி 1718இல் அவர் பெயரை ஏற்றது. அவரையும் உயர்குடியினரையும் மேசையைச் சூழக் காட்டும் ஓவியம் ஒன்றில், கழுத்தில் பூட்டிய உலோகப் பட்டையுடன் கறுப்பினச் சிறுவன் ஒருவன் நிற்கிறான். யேல் பல்கலைக்கழகத்தின் பிரிட்டிஷ் கலை மையம் அதனை 2020இல் சுவரிலிருந்து இறக்கி, அச்சிறுவனைப் பற்றி ஆராயப் புகுந்தது. அமர்ந்திருப்போரின் பெயர்கள் தெரியும். நிற்கும் சிறுவனின் பெயர் ஓவியத்தின் பழைய தலைப்புகளில் இடம்பெறவில்லை.

1800இல் தோன்றிய அமெரிக்கக் காங்கிரசு நூலகம், 1812இல் நிறுவப்பட்ட அமெரிக்கத் தொல்பொருட் கழகம், பிரவுன் பல்கலைக்கழகத்தின் ஜான் கார்ட்டர் பிரவுன் நூலகம் ஆகியவற்றின் படத்தொகுதிகள் பலவும் இன்று இணையத்தின்வழி இல்லத்திலிருந்தே காணக் கிடைக்கின்றன. படத்தை மட்டும் எடுத்துக்கொண்டு அதன் கீழுள்ள குறிப்பை விட்டுவிடுவோர் பாதியையே எடுத்தவராவர். வரைந்தவர், ஆண்டு, மூலமா படியா, காக்கும் இடம் ஆகிய நான்கையும் படத்தோடு திரையில் காட்டுதல் உரையாளரின் கடமை.

சான்றுகளை ஆராயாது தீர்ப்பு வழங்குதல் நீதியன்று என்பது தமிழர்க்குச் சிலம்பு உணர்த்தும் பாடம். படங்களும் அவையேறும் சான்றுகளே. பொம்மை ஏந்திய சிறுமிக்கும் பெயரற்று நிற்கும் சிறுவனுக்கும் பின்வந்தோர் செய்யக்கூடிய நீதி, அவர்தம் படங்களைக் காட்டுமுன் சற்றே நின்று வினவுவதேயாகும்.