குயில் வேலை செய்யும் கெளுத்தி



வண்ண மீன் வளர்ப்பவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. சிக்லிட் மீன்கள் இருக்கும் தொட்டியில் துணைக்கு ஒரு கெளுத்தியையும் விட்டுவிடுவார்கள். அடியில் விழும் மிச்சம் மீதியைத் தின்று தொட்டியைச் சுத்தமாக வைத்துக்கொள்ளும் என்று நம்பிக்கை. உண்மையில் அதற்கும் தனியாகத் தீனி போட்டுத்தான் ஆகவேண்டும். சென்னை கொளத்தூர் போன்ற இடங்களில் கடைக்காரர் அதைப் பாலித்தீன் பையில் போட்டு, காற்றடைத்து, ரப்பர் பேண்டால் கட்டிக் கொடுப்பார். பெயர் கேட்டால் 'புள்ளி கேட்ஃபிஷ்' என்பார். அந்தப் பெயருக்குள் பத்துப் பதினைந்து இனங்கள் அடங்கும்.

சரி, வாங்கி வந்தாயிற்று. வெளிர் மஞ்சள் உடம்பு, கறுப்புப் புள்ளிகள், முட்டைக் கண், கறுத்த துடுப்புகளுக்கு வெள்ளைக் கரை. இது எந்த மீன்?

வானொலியில் படம் காட்ட வழியில்லை. நல்லவேளையாக இந்த மீன் சத்தமும் போடும். தண்ணீரை விட்டு எடுத்தால் கிறீச் கிறீச்சென்று கத்தும். தொண்டையிலிருந்து வரும் குரல் அல்ல அது. மார்புத் துடுப்பின் முள்ளை அதன் மூட்டுக் குழிக்குள் தேய்த்து எழுப்பும் ஒலி. ஆப்பிரிக்காவைச் சேர்ந்த சினோடொன்டிஸ் என்ற பேரினத்துக் கெளுத்திகளின் வழக்கம் இது. கீழ்த்தாடை மீசைகள் கிளைவிட்டிருந்தால், முதுகின் பின்பகுதியில் கதிர் இல்லாத கொழுப்புத் துடுப்பு இருந்தால், பேரினம் பெரும்பாலும் உறுதி. ஒரு எச்சரிக்கை: சத்தத்தைக் கேட்கும் ஆசையில் வலை போட்டுப் பிடிக்காதீர்கள். முள் விறைத்துப் பூட்டிக்கொண்டு வலைக் கண்ணில் சிக்கும். பிறகு வலையை வெட்டித்தான் மீனை எடுக்கவேண்டியிருக்கும். பிளாஸ்டிக் டப்பாவில் மொண்டு எடுங்கள்.

இனத்தைக் கண்டுபிடிக்கத்தான் பாடு. எல்லாரும் புள்ளிகளை எண்ணப் போவார்கள். அதில் பயனில்லை. ஒரே இனத்தில்கூட மீனுக்கு மீன் புள்ளி மாறும், வளர வளரவும் மாறும். முதலில் வயிற்றைப் பாருங்கள். மீன் கண்ணாடியில் ஒட்டி நீந்தும்போது ஒரு படம் எடுத்தால் போதும். வயிறு புள்ளியின்றி வெள்ளையாக, கண் பெரிதாக, முதுகுத் துடுப்பு கறுப்பு முக்கோணமாகப் பின்னோரத்தில் வெள்ளை விளிம்போடு இருந்தால், அது பெரும்பாலும் சினோடொன்டிஸ் மல்டிபங்டேட்டஸ். லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் பணியாற்றிய பூலஞ்சர் 1898-இல் விவரித்த மீன். ஊர், தங்கனீக்கா ஏரி. தான்சானியா, காங்கோ, புருண்டி, சாம்பியா என நான்கு நாடுகள் பங்குபோட்டுக்கொள்ளும், சுமார் 1470 மீட்டர் ஆழமுள்ள ஏரி அது.

வயிற்றிலும் புள்ளி இருந்து கண் சிறிதாக இருந்தால் அதே ஏரியின் பெட்ரிகோலாவாக இருக்கலாம். ஆனால் பெட்ரிகோலா என்று பல ஆண்டுகள் விற்கப்பட்ட மீன்களில் ஒரு பகுதி வேறு இனம். துடுப்புகளின் அடியில் வெளிறிய திட்டு உள்ள அந்தச் சிறிய மீனை ரைட், பேஜ் என்ற இரு ஆய்வாளர்கள் 2006-இல்தான் லூசிபின்னிஸ் என்று தனியாகப் பிரித்தார்கள். அதே ஆய்வில், மல்டிபங்டேட்டஸைப் போலவே இருந்து கண் இன்னும் பெரிதான கிராண்டியாப்ஸும் தனி இனமானது. இவை போதாதென்று, பண்ணைகளில் கலந்து உண்டாக்கிய மீன்களும் இதே பெயர்களில் சந்தைக்கு வருகின்றன. அவற்றுக்கு எந்த அடையாளமும் பொருந்தாது. எந்த ஏரியில் பிடித்தது, எந்தப் பண்ணையில் வளர்ந்தது என்று விற்றவரால் சொல்ல முடியாவிட்டால், உறுதியாகப் பெயர் சூட்டாமல் விடுவதே நேர்மை.

ஆனால் மல்டிபங்டேட்டஸ் என்றால் ஒருநாள் அது தானே சாட்சி சொல்லிவிடும். கூட இருக்கும் சிக்லிட்கள் வாயில் வைத்து அடைகாக்கும் வகையாக இருக்கவேண்டும், அவ்வளவுதான். அத்தகைய தாய் மீன் முட்டையிட்ட கையோடு அதை வாயில் அள்ளிக்கொள்ளும். அந்தச் சில நொடிகளுக்குள் கெளுத்திக் கூட்டம் புகுந்து, கிடைத்த முட்டையைத் தின்று, தன் முட்டைகளைச் சிதறிவிடும். பதற்றத்தில் தாய் எல்லாவற்றையும் சேர்த்து வாரிக்கொள்கிறது. கெளுத்தி முட்டை முந்திப் பொரிக்கும். பொரித்த குஞ்சு தன் மஞ்சள் கரு தீர்ந்ததும், அதே வாய்க்குள் கிடக்கும் சிக்லிட் குஞ்சுகளைத் தின்னத் தொடங்கும். கடைசியில் தாய் வாயைத் திறந்தால் வெளியே வருவது மீசை வைத்த பிள்ளைகள். நம் ஊர்க் குயில் எவ்வளவோ பரவாயில்லை. அதன் குஞ்சு பெரும்பாலும் காக்கைக் குஞ்சுகளோடு சேர்ந்தே வளரும்.

ஜப்பானிய ஆய்வாளர் சாத்தோ 1986-இல் 'நேச்சர்' இதழில் இதை அறிவித்தார். பறவைகளைத் தவிர, முதுகெலும்பு உள்ளவற்றில் பிறர் வளர்ப்பை நம்பியே பிழைப்பதாக அறியப்பட்ட உயிரினம் இது ஒன்றுதான் என்கிறார்கள் செக் நாட்டின் பிர்னோ நகர ஆய்வாளர்கள். 2018-இல் வெளியான அவர்களது சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. தங்கனீக்காவில் இந்தக் கெளுத்தியோடு தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த சிக்லிட்கள் குறைவாகவே ஏமாந்தன. பட்ட பிறகு இன்னும் உஷாராயின. இதை முன்பின் அறியாத வழியில் வந்த சிக்லிட்களோ எத்தனை முறை பட்டும் திருந்தவில்லை.

நம் தொட்டிகளில் அதிகம் இருப்பவை மலாவி ஏரிச் சிக்லிட்கள். வாயில் அடைகாக்கும் அவை ஏமாறுகிற கூட்டத்தில்தான் சேரும். அந்த ஏரிக்கும் நியாசே என்ற சொந்த சினோடொன்டிஸ் உண்டு, ஆனால் அது இப்படிக் குடியேறுவதில்லை. ஆகவே உங்களுக்குச் சிக்லிட் குஞ்சுகள்தான் வேண்டுமென்றால், தாய் வாயை உப்பிக்கொண்டு திரிவதைப் பார்த்த பிறகு அதைத் தனியாக்கிப் பயனில்லை. கெளுத்தி முட்டை ஏற்கெனவே உள்ளே போயிருக்கும். முட்டையிடும் ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே கெளுத்தியை வேறு தொட்டிக்கு மாற்றுங்கள். கெளுத்திக் குஞ்சுதான் வேண்டும் என்பவர்கள், இருக்கிறபடியே விட்டுவிடலாம்.