சர்ஜனை எதை வைத்து வேலைக்கு எடுக்கிறார்கள்?

(நம் கம்யூனிட்டி ஹாலில் நடந்த ஆரோக்கியக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேசியவர், தனியார் சிறப்பு மருத்துவமனைகளில் நிர்வாக அலுவலராக இருந்து ஓய்வு பெற்ற பி பிளாக் குடியிருப்பாளர்.)

அடுத்து தண்ணீர் டேங்க் விஷயம் இருப்பதாகச் செயலாளர் சார் சொல்லிவிட்டார். அதனால் சுருக்கமாகவே பேசுகிறேன்.

லிப்ட் பராமரிப்புக்கு ஆள் எடுக்கும்போது நம் சங்கம் எத்தனை கேள்வி கேட்டது! இதே மாடலை வேறு எங்கே பார்க்கிறீர்கள், ராத்திரி நின்றுபோனால் யார் வருவார்... அதே நாம் மூட்டு மாற்றுக்குப் போனால் கேட்பது, "கேஷ்லெஸ் உண்டா?" மட்டும்தான். டாக்டர் பெயருக்குப் பின்னால் நாலு எழுத்து கூடுதலாக இருந்தால் நிம்மதியாகக் கையெழுத்துப் போட்டுவிடுகிறோம்.

பட்டம் வேண்டாம் என்று சொல்லவில்லை. எம்.எஸ்., டி.என்.பி., எம்.சிஎச். எல்லாம் கட்டாயம் பார்க்க வேண்டியவை. பதிவு எண்ணைத் தேசிய மருத்துவ ஆணையத்தின் இணையதளத்திலேயே சரிபார்க்கலாம். ஆனால் எலும்பு முறிவுக்குப் பிளேட் வைப்பது ஒரு வேலை, பத்து வருஷம் முன்பு மாற்றிய மூட்டைக் கழற்றி மறுபடி மாற்றுவது வேறு வேலை. இரண்டுக்கும் பட்டம் ஒன்றுதான். கை ஒன்றாக இருக்குமா?

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். உடல் பருமனுக்கு ஆபரேஷன் செய்யும் 20 சர்ஜன்கள், தாங்கள் செய்த ஒரு ஆபரேஷனின் வீடியோவைத் தாங்களே கொடுத்தார்கள். செய்தவர் யார் என்று தெரியாமல் சக சர்ஜன்கள் பார்த்து 5-க்கு மதிப்பெண் போட்டார்கள். 2.6 முதல் 4.8 வரை வந்தது. அத்தனை பேரும் முறையாகப் படித்துத் தேறியவர்கள்தான். கடைசிக் கால்பங்கில் வந்தவர்களின் நோயாளிகளில் 14.5 சதவீதம் பேருக்குச் சிக்கல் வந்தது. முதல் கால்பங்கில் அது 5.2 சதவீதம். உயிரிழப்பிலும் வித்தியாசம் இருந்தது. இத்தனை வருஷ அனுபவம் என்பதற்கும் கைத்திறனுக்கும் தொடர்பு தெரியவில்லை. 2013-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்த ஆய்வு இது.

நல்ல மருத்துவமனைகள் இதை அறிந்துதான் ஆள் எடுக்கின்றன. நான் உட்கார்ந்த இன்டர்வியூக்களில் சீனியர் டாக்டர்கள் முதலில் கேட்பது லாக் புக். எந்த ஆபரேஷன், எத்தனை, அதில் தானே செய்தது எத்தனை, உதவிக்கு நின்றது எத்தனை? அடுத்த கேள்விதான் எனக்குப் பிடித்தது: "கடைசியாக உங்களுக்குச் சிக்கலான கேஸைச் சொல்லுங்கள்." எனக்குச் சிக்கலே வந்ததில்லை என்பவரை அநேகமாக எடுக்க மாட்டார்கள். ஒன்று, செய்தது குறைவு. அல்லது உண்மை பேசவில்லை. எடுத்த பிறகும் முதல் சில கேஸ்களில் ஒரு சீனியர் பக்கத்தில் நிற்பார். அதன் பிறகே இன்னின்ன ஆபரேஷன் செய்யலாம் என்று எழுத்தில் அனுமதி. என்.ஏ.பி.எச். அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகளில் ஒவ்வொரு டாக்டருக்கும் இந்தப் பட்டியல் இருக்க வேண்டும்.

எல்லா இடத்திலும் இப்படி நடக்கிறதா? இல்லை. "மாசம் எத்தனை கேஸ் கொண்டு வருவீர்கள்?" என்பதே முதல் கேள்வியாக இருக்கும் இடங்களும் உண்டு. சாயங்காலம் வந்து ஆபரேஷனை முடித்துவிட்டு அடுத்த கிளினிக்குக் கிளம்பும் விசிட்டிங் சர்ஜனை நம்பியே நடக்கும் இடங்களும் உண்டு. அவர் கை தங்கமாகவே இருக்கட்டும், ராத்திரி இரண்டு மணிக்கு ரத்தக் கசிவு என்றால் யார் வருவார்?

ஆகவே கேளுங்கள். "டாக்டர், இந்த ஆபரேஷனைப் போன வருஷம் எத்தனை செய்தீர்கள்? எத்தனை பேருக்கு மறுபடி தியேட்டருக்குப் போக வேண்டி வந்தது? நீங்களே செய்வீர்களா? அன்று ராத்திரி யார் பார்ப்பார்கள்?" மரியாதையாகக் கேட்டால் நல்ல டாக்டர் கோபப்படுவதில்லை. நான் பார்த்தவரை சந்தோஷப்படுகிறார்கள். அனுமதிப் பட்டியலில் இந்த ஆபரேஷன் இருக்கிறதா என்பதை அலுவலகத்தில் கேளுங்கள். பிள்ளைகள் வெளிநாட்டில் இருந்தால் போனில் அவர்களையே கேட்கச் சொல்லலாம்.

ஒரு எச்சரிக்கை. சிக்கல் சதவீதம் குறைவு என்பதாலேயே ஒருவர் கெட்டிக்காரர் ஆகிவிட மாட்டார். சர்க்கரை, இதய நோய் உள்ளவர்களைத் தவிர்த்துவிட்டு லேசான கேஸ்களை மட்டும் எடுத்தாலும் கணக்கு அழகாக இருக்கும். அதனால் "என்னைப் போல எழுபது வயதில், சர்க்கரையோடு வந்தவர்களுக்கு எப்படி?" என்று கேட்பதுதான் சரி.

இதெல்லாம் தேதி குறித்துச் செய்யும் ஆபரேஷனுக்கு மட்டும். விபத்து, நெஞ்சுவலி என்றால் 108-ஐக் கூப்பிடுங்கள், கேள்வி எதுவும் வேண்டாம். யாராவது ஆபரேஷன் எஸ்டிமேட் வாங்கி வைத்திருந்தால் ஞாயிறு காலை பத்து மணிக்கு லைப்ரரி அறைக்கு எடுத்து வாருங்கள், சேர்ந்து பார்ப்போம்.