நீரிழிவும் நீர்ப்பையும்

(அம்பாங்கான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் கூட்டத்தில் பேசியது)



சம்பளத்தைப் பற்றியும் போனசைப் பற்றியும் நாம் தயங்காமல் பேசுகிறோம். சிறுநீரைப் பற்றிப் பேச மட்டும் கூசுகிறோம். அந்தக் கூச்சம் சிறுநீரகத்தையே கெடுத்துவிடும் என்பதால், இன்று அதை ஒதுக்கி வைத்துவிட்டுப் பேசுவோம்.

2019-ஆம் ஆண்டு அரசாங்கம் எடுத்த தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் வயது வந்தவர்களில் நூற்றுக்கு 18 பேருக்கு இனிப்புநீர். இந்தியர்களை மட்டும் எடுத்தால் நூற்றுக்கு 31 பேர்!

இனிப்புநீரால் கண் கெடும், கால் புண்ணாகும் என்பது நமக்குத் தெரியும். நீர்ப்பையும் கெடும் என்பது பலருக்குத் தெரியாது. இரத்தத்தில் சர்க்கரை ஆண்டுக்கணக்கில் மிகுந்திருந்தால் நரம்புகள் பழுதாகின்றன. நீர்ப்பை நிரம்பிவிட்டது என்று மூளைக்குச் சொல்லும் நரம்பும் அவற்றில் ஒன்று. அது ஊமையாகிவிட்டால், பை நிரம்பியும் முட்டுவதில்லை. போனாலும் முழுவதும் இறங்குவதில்லை.

பால் வெட்டும் நமக்கு இதை விளக்கவா வேண்டும்? நேரத்தில் எடுக்காத மங்கு நிரம்பி வழிகிறது. நின்றுபோன பால் கெட்டுக் கட்டியாகிறது. நீர்ப்பையும் அப்படியே. வழிந்தால் துணி நனைகிறது. தேங்கினால் கிருமி பெருகி, எரிச்சலும் காய்ச்சலும் வருகின்றன. தேக்கம் மேலேறினால் சிறுநீரகம் பழுதாகிறது.

காட்டில் ஒதுங்க மறைவில்லை என்று நம் பெண்கள் தண்ணீர் குடிக்காமலே வெட்டுகிறார்கள். ஆண்களோ, வயதானால் இப்படித்தான் என்று இருந்துவிடுகிறார்கள். இரண்டும் தவறு.

செய்ய வேண்டியது என்ன? சர்க்கரையை அடக்க வேண்டும். முட்டும்வரை காத்திராமல், கடிகாரம் பார்த்து மூன்று, நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை போக வேண்டும். போனபின் சற்றுப் பொறுத்து மறுபடி முயல வேண்டும். சொட்டுச் சொட்டாகப் போனாலும், எரிந்தாலும், டாக்டரிடம் ஒளிக்கலாகாது. பையில் எவ்வளவு மிச்சம் என்பதை வலியில்லாத ஸ்கேன் காட்டிவிடும். நீர் அடியோடு நின்றாலோ, குளிர்காய்ச்சலோடு முதுகு வலித்தாலோ, அன்றைக்கே சிரம்பான் துவாங்கு ஜாபார் மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

ஒருநாள் கூலி போய்விடுமே என்கிறீர்களா? டாக்டர் எம்.சி. கொடுத்தால், 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, சேவைக் காலத்துக்கு ஏற்ப ஆண்டுக்கு 14 முதல் 22 நாள் வரை சம்பளத்தோடு விடுப்பு உண்டு. அது சலுகையன்று, உரிமை.

கிராணிமார்களே! நிரையை விட்டு ஒதுங்கிய பெண்ணைச் சோம்பேறி என்று எழுதாதீர்கள். வெட்டுக்காட்டுக்கு அருகில் மறைவான கழிப்பிடம் கேட்டு நிர்வாகத்திடம் போகும்போது, நாம் எல்லோரும் சேர்ந்தே போவோம்.