இசை அலைவரிசையும் பாட்டெழுதியவர் பெயரும்



இலக்கிய விழாவில் இசைத் தொலைக்காட்சியைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று சிலருக்குத் தோன்றலாம். ஆனால் இவ்வவையில் அமர்ந்திருப்போருள் பாட்டெழுதுவோர் பலர். பாட்டு எந்த வழியாக மக்களைச் சென்றடைகிறது, போகும் வழியில் எழுதியவரின் பெயர் எந்த இடத்தில் உதிர்ந்து விடுகிறது என்பது அவர்களுக்குத் தொடர்பில்லாத செய்தி அன்று.

இவ்வூரிலிருந்தே தொடங்கலாம். மேட்டுப்பாளையத்திலிருந்து கல்லாறு கடந்து மலையேறும் இரயில் 1899இல் குன்னூர் வரையிலும், 1908இல் உதகை வரையிலும் ஓடத் தொடங்கியது. அந்த இரயிலின் கூரைமீது, மணிரத்னம் இயக்கி 1998இல் வெளிவந்த 'தில் சே' என்னும் இந்திப் படத்திற்காக ஒரு பாடல் படமாக்கப்பட்டது. இசை ஏ.ஆர். ரகுமான், நடன அமைப்பு ஃபாரா கான், கூரைமேல் ஆடியவர்கள் ஷாருக் கானும் மலைக்கா அரோராவும். மலைக்கா, எம்.டி.வி. இந்தியா என்னும் இசை அலைவரிசையில் தொகுப்பாளராக இருந்து அறிமுகமானவர். படம் 'உயிரே' என்ற பெயரில் தமிழிலும் வந்தது. இசை அலைவரிசைகளின் வழியே இந்த ஊர் இரயில் இந்தியாவின் வீடுதோறும் ஓடியது. கூரைமேல் ஆடியவர் யார் என்று கேட்டால் குழந்தையும் சொல்லும். இந்தியில் எழுதியவர் குல்சார் என்பதோ, அதன் வேர் புல்லே ஷா என்னும் பஞ்சாபி சூஃபிக் கவிஞரின் மரபில் இருக்கிறது என்பதோ எத்தனை பேருக்குத் தெரியும்? தமிழில் எழுதியவர் வைரமுத்து. அவர் பெயராவது நாடறிந்தது. அத்தகைய புகழ் வாய்க்காதவர்களின் நிலை என்ன என்பதே இங்கே கேள்வி.

தொலைக்காட்சிக்கு முன்பு வானொலி. 1952இல் மத்திய அமைச்சர் பி.வி. கேஸ்கர், திரைப்பாடல்கள் தரக்குறைவானவை என்று கருதி அகில இந்திய வானொலியில் அவற்றுக்கு இடமில்லாமற் செய்தார். மக்கள் என்ன செய்தார்கள்? வானொலிப் பெட்டியின் முள்ளை இலங்கைப் பக்கம் திருப்பினார்கள். கடல் கடந்து வந்த அந்த ஒலியில் மயில்வாகனன், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீத் ஆகியோரின் தமிழ், வீட்டுக்கூடம் வரை வந்து அமர்ந்தது. 1957 அக்டோபரில் விவித் பாரதியைத் தொடங்கித்தான் இந்திய வானொலி அந்த நேயர்களைத் திரும்ப அழைக்க வேண்டியதாயிற்று.

இதே கதை நெதர்லாந்திலும் நடந்தது என்பது வியப்புக்குரியது. அரசு சார்ந்த வானொலி இளைஞர்களின் பாட்டுக்குப் போதிய இடம் தராத காலத்தில், வடகடலில் நங்கூரமிட்ட கப்பலொன்றிலிருந்து 'வெரோனிக்கா' என்னும் வானொலி 1960 முதல் 1974 வரை பாட்டுகளை ஒலிபரப்பியது. அங்கே அறிவிப்பாளராகப் புகழ்பெற்ற லெக்ஸ் ஹார்டிங் என்பவரே, பின்னாளில் டச்சு மொழியின் இசை அலைவரிசையான டி.எம்.எஃப்.ஐத் தோற்றுவித்தவர்களுள் முதன்மையானவர். 1995 மே முதல் நாள் அது தொடங்கியது. 1998இல் பெல்ஜியத்தின் டச்சு பேசும் பகுதிக்கும் தனியே ஓர் அலைவரிசை வந்தது. உலகப் பெருநிறுவனமான எம்.டி.வி. ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்தபோது, ஏறத்தாழ இரண்டரைக் கோடிப் பேர் பேசும் ஒரு மொழியில் இளைஞர்கள் தமக்குள் பேசிக்கொள்வது போலவே திரையில் பேசினார்கள். அதுவே அதன் வெற்றி. 2001இல் எம்.டி.வி. நிறுவனமே அதை விலைக்கு வாங்கிக்கொண்டது. 2011 செப்டம்பர் முதல் நாள் நெதர்லாந்தில் அது நின்றுபோயிற்று.

அங்கே ஒளிபரப்பான பாட்டுகளில் பெரும்பாலானவை ஆங்கிலம்; பேச்சு மட்டும் தாய்மொழி. தமிழ் இசை அலைவரிசைகளில் இது தலைகீழாயிற்று. பாட்டு தமிழ், தொகுப்பாளர் பேசுவதோ பாதிக்கு மேல் ஆங்கிலம். டச்சுக்காரர்கள் கடன் வாங்கிய பாட்டைச் சொந்த மொழியில் அறிமுகம் செய்தார்கள். இங்கே சொந்தப் பாட்டு கடன் வாங்கிய மொழியில் அறிமுகமாயிற்று. இரண்டில் எது மேல் என்று தீர்ப்புக் கூற எளிதாக இல்லை. எனினும் இரண்டாவது, பாட்டின் சொல்லுக்கு மரியாதை செய்யும் வழியாகத் தோன்றவில்லை.

தமிழ்நாட்டின் வரலாற்றுக்கு வருவோர் சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தோன்றிய 1975 ஆகஸ்டு 15இலிருந்து எண்ண வேண்டும். வெள்ளிக்கிழமை மாலையின் 'ஒளியும் ஒலியும்' நிகழ்ச்சிக்காகத் தெருவே ஒரு வீட்டில் கூடிய காலம் அது. அதிலேயே ஒரு மாற்றம் நுழைந்துவிட்டது. மேலைநாட்டில் இசைக்காட்சி என்பது பாட்டுக்காகவே எடுக்கப்படுவது. 1981 ஆகஸ்டு முதல் நாள் அமெரிக்காவில் எம்.டி.வி. தொடங்கியபோது இசைத்தட்டு நிறுவனங்கள் அத்தகைய காட்சிகளைத் தம் விளம்பரமாக எண்ணி வழங்கின. தமிழில் பாட்டுக்காட்சி என்பது கதையிலிருந்து அறுத்தெடுத்த துண்டு. பாத்திரம் யார், ஏன் பாடுகிறாள் என்பது தெரியாமலே பாட்டு வந்துபோகும். கதையின் நெருக்கடியை நான்கு வரியில் அடக்கிய கவிஞனின் திறமை, கதை இல்லாதபோது பாதி மறைந்துவிடும்.

1991இல் ஹாங்காங்கிலிருந்து ஸ்டார் தொலைக்காட்சி செயற்கைக்கோள் வழியே வந்தது, எம்.டி.வி. அதனோடு சேர்ந்து வந்தது. 1994இல் இருவரும் பிரிய, ஸ்டார் 'சேனல் வி' என்ற ஒன்றை உண்டாக்கியது, 1996இல் எம்.டி.வி. தனியே திரும்பி வந்தது. இடையில் 1993 ஏப்ரல் 14, தமிழ்ப் புத்தாண்டு நாளில் சன் தொலைக்காட்சி தொடங்கியது. சிற்றூர்களில் மொட்டைமாடிக் குடைகளும், மின்கம்பத்திற்கு மின்கம்பம் தொங்கிய கேபிள் கம்பிகளும் அந்த ஆண்டுகளின் அடையாளங்கள். கேபிள் நடத்தியவர்களே ஓர் ஒளிநாடாக் கருவியை வைத்துக்கொண்டு, தொலைபேசியில் கேட்பவர்களுக்குப் பாட்டுப் போட்டார்கள். இசை அலைவரிசை என்று ஒன்று தோன்றுமுன்பே அதன் வித்து ஊர்தோறும் இப்படி முளைத்திருந்தது. உமா தொகுத்து வழங்கிய 'பெப்சி உங்கள் சாய்ஸ்' அதையே மாநிலம் முழுமைக்கும் செய்தது. அந்நாளில் சொல்லை மையமாக வைத்து நடந்த நிகழ்ச்சி ஒன்று உண்டு. அது இலங்கை வானொலியிலிருந்து சன் தொலைக்காட்சிக்கு அப்துல் ஹமீத் கொண்டுவந்த 'பாட்டுக்குப் பாட்டு'. சொல்லை மறந்தவர் அங்கே தோற்றார். வேறெந்த நிகழ்ச்சியிலும் சொல்லுக்கு அவ்வளவு மதிப்பு இருந்ததில்லை.

2000க்குப் பின் நாள் முழுதும் பாட்டு என்னும் நிலை வந்தது. தென்னக மொழிகளுக்கெல்லாம் பொதுவாக எஸ்.எஸ். மியூசிக், 2004இல் சன் மியூசிக், 2008இல் இசையருவி, பின் ஜெயா மேக்ஸ், ராஜ் மியூசிக்ஸ், பழைய பாடல்களுக்கென முரசு என்று வரிசை நீண்டது. முடிதிருத்தகத்திலும் உருளைக்கிழங்கு மண்டியிலும் தேநீர்க் கடையிலும் இவையே காலை முதல் இரவு வரை ஓடின.

இவ்வலைவரிசைகளில் பாட்டு எவ்வாறு வழங்கப்பட்டது என்பதைக் கவிஞர்கள் கூர்ந்து பார்க்க வேண்டும். முன்னிசையின்மேல் தொகுப்பாளரின் பேச்சு. பல்லவியும் முதற்சரணமும் முடிந்ததும் பல நேரங்களில் பாட்டு அறுந்தது. இரண்டாம் சரணம் நேரத்தின் பெயரால் பலியாயிற்று. பாட்டெழுதியோர் அறிவார்கள்: பல்லவி மெட்டுக்கும் தயாரிப்பாளருக்கும் உரியது, முதற்சரணம் கதைக்கு உரியது, கவிஞன் தனக்கென்று எதையாவது ஒளித்துவைத்தால் அது இரண்டாம் சரணத்தில்தான்.

திரையின் ஓரத்தில் ஒரு பட்டை தோன்றும். படத்தின் பெயர், இசையமைப்பாளர் பெயர், பாடியவர் பெயர். எழுதியவர் பெயர் சில அலைவரிசைகளில் சில வேளைகளில் இருந்தது, பெரும்பாலும் இல்லை. இடமில்லை என்று சொல்வதற்கில்லை. அதே திரையின் அடியில் நேயர்கள் கைப்பேசியிலிருந்து கட்டணம் செலுத்தி அனுப்பிய குறுஞ்செய்திகள் இடைவிடாது ஊர்ந்துகொண்டிருந்தன. இன்னார் இன்னாரை நேசிக்கிறார், இன்ன ஊரிலிருந்து இன்னாருக்குப் பிறந்தநாள் வாழ்த்து. காதலை அறிவித்தவர்களுக்குத் திரையில் இடம் இருந்தது. அந்தக் காதலுக்குச் சொல் கொடுத்தவருக்கு இல்லை.

கொங்குநாட்டார்க்கு இது சற்றுக் கூடுதலாகவே உறைக்க வேண்டும். உடுமலைப்பேட்டையை அடுத்த பூளவாடியில் 1899இல் பிறந்த உடுமலை நாராயணகவி, நாடகமேடையிலிருந்து திரைக்கு வந்து பகுத்தறிவையும் நகைச்சுவையையும் பாட்டாக்கியவர், கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனின் பாடல்கள் பலவற்றுக்கும் சொல் தந்தவர். அப்பாடல்கள் திரையில் வரும்போது கலைவாணர் பெயர் எல்லார்க்கும் நினைவு வரும்; நாராயணகவி பெயர் உடுமலையில் அவருக்கு எழுப்பப்பட்ட மணிமண்டபத்தில் இருக்கும். கோவையில் 1935இல் பிறந்து 2021இல் மறைந்த புலமைப்பித்தன் செய்தியும் அதுவே. 'நாயகன்' படத்தின் தென்பாண்டிச் சீமைப் பாடலை அறியாத தமிழர் இல்லை. எழுதியவர் யார் என்று கேட்டால் இளையராஜா என்பார் சிலர். வைரமுத்து என்பார் பலர்.

வானொலி இந்த வகையில் நேர்மையானது. எழுதியவர் பெயரை அறிவிக்கும் வழக்கமும் தானாக வந்துவிடவில்லை. உருதுக் கவிஞர் சாஹிர் லூதியான்வி போன்றோர் அகில இந்திய வானொலியை வற்புறுத்திப் பெற்றது அது. பாடல், படம், எழுதியவர், இசை, பாடியோர் என்று நிறுத்தி நிதானமாகச் சொன்ன அறிவிப்பாளர்களால்தான் பட்டுக்கோட்டையும் மருதகாசியும் கிராமத்து வயல்வெளிவரை பெயரோடு சென்றார்கள். காதுக்கு மட்டும் உரிய கருவி பெயரைச் சொல்லியது. கண்ணுக்கும் காதுக்கும் உரிய கருவி அதை விட்டுவிட்டது.

பெயரோடு பொருளும் சேர்ந்தே போயிற்று. 1977இல் உச்சநீதிமன்றம், கூலி பெற்றுப் படத்திற்காக எழுதப்பட்ட பாட்டின் உரிமை, வேறு உடன்படிக்கை இல்லாதபோது, தயாரிப்பாளரையே சேரும் என்று தீர்ப்பளித்தது. அதன்பின் ஒரு முறை கொடுக்கும் தொகையோடு கவிஞனின் கணக்கு முடிந்தது. பாட்டு ஆயிரம் முறை ஒளிபரப்பானாலும் அது படத்தின் விளம்பரம் என்றே கருதப்பட்டது. கவிஞர் ஜாவேத் அக்தர் மாநிலங்களவை உறுப்பினராக இருந்து முன்னின்று வாதாட, 2012 மே மாதத்தில் பதிப்புரிமைச் சட்டத் திருத்தம் நிறைவேறியது. அவ்வாண்டு ஜூன் 21 முதல் நடப்புக்கு வந்தது. திரையரங்கில் படத்தோடு காட்டப்படுவது நீங்கலாக, மற்ற வழிகளில் பாட்டு பயன்படும்போதெல்லாம் கிடைக்கும் உரிமத்தொகையில் எழுதியவருக்கும் சமபங்கு உண்டு என்றும், அந்தப் பங்கை அவர் எழுதிக்கொடுத்துவிட முடியாது என்றும் அது விதித்தது. இது பொருளைப் பற்றியது. பெயரைப் பற்றிய உரிமையோ அச்சட்டத்தின் 57ஆம் பிரிவில் முன்பிருந்தே இருந்தது: உரிமையை விற்ற பின்னும், 'இது என் ஆக்கம்' என்று கோரும் உரிமை ஆக்கியவரிடமே நிற்கும். அப்படி ஒரு பிரிவு இருப்பதை அறியாமலேயே எழுதி மறைந்த கவிஞர்கள் எத்தனையோ பேர்.

சட்டம் வந்த வேளையில் அலைவரிசைகளின் பொற்காலம் இறங்கத் தொடங்கியிருந்தது. நெதர்லாந்தில் டி.எம்.எஃப். நின்ற அதே 2011இல், நவம்பர் 16 அன்று, தனுஷ் எழுதிப் பாடி அனிருத் இசையமைத்த கொலவெறிப் பாட்டு யூடியூபில் வெளிவந்து உலகைச் சுற்றியது. புதிய பாட்டைக் கேட்க அலைவரிசைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை என்பது அன்று உறுதியாயிற்று. அலைவரிசைகள் இன்றும் ஓடுகின்றன. தேநீர்க் கடைகளில் இன்றும் அவை உண்டு. ஆனால் பாட்டு அங்கே பிறப்பதில்லை.

அதன்பின் வந்தது ஒரு விந்தை. படம் வெளிவருமுன் பாட்டை வெளியிட வேண்டும், காட்டுவதற்குக் காட்சியோ இல்லை. எனவே பாட்டின் வரிகளையே திரையில் எழுத்தாக ஓடவிட்டார்கள். 'லிரிக் வீடியோ' என்று அதற்குப் பெயர். வணிகத் தேவையால் பிறந்ததுதான். கவிதைமேல் கொண்ட பற்றால் அன்று. ஆயினும் தமிழ்த் திரைப்பாட்டின் சொற்கள் பல ஆண்டுகளுக்குப் பின் கண்முன் எழுத்தாக வந்தன. எழுதியவர் பெயரும் உடன் வந்தது. எழுத்துப்பிழைகளும் உடன் வந்தன என்பதையும் இவ்வவையில் மறைக்க வேண்டியதில்லை.

புதிய பாடல்களுக்கு இவ்வாறு ஒரு வழி பிறந்தது. பழைய பாடல்களின் நிலை வேறு. அலைவரிசைகளிலிருந்து பதிவு செய்யப்பட்டு இணையத்தில் ஏற்றப்பட்டவற்றில் பெயர் இல்லாத பட்டையும் அப்படியே சேர்ந்து ஏறிவிட்டது. அவற்றுக்குப் பெயர் தேடுவோர்க்குத் துணையாக நிற்பது, ஒரு காலத்தில் திரையரங்க வாசலில் சில காசுக்கு விற்ற பாட்டுப் புத்தகம். மலிவான தாள், மங்கிய அச்சு, உள்ளே கதைச்சுருக்கம்; பாட்டோடு எழுதியவர் பெயரும் அச்சிட்டவை அவற்றுள் பல. அத்தகைய புத்தகங்கள் இந்த அவையினரின் வீட்டுப் பரணிலும் இருக்கக் கூடும். பழைய தாள் கடைக்குப் போகுமுன் ஒருமுறை எடுத்துப் பார்க்கலாம்.