கல்லீரலின் வலுவை அளத்தல்

மருத்துவச் சீட்டுகளை மொழிபெயர்க்கும்போதெல்லாம் 'கல்லீரல் செயற்சோதனை' என்னும் பெயர் நம்மை உறுத்துவதுண்டு. அச்சீட்டில் பலரும் முதலில் தேடும் எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. என்னும் நொதிகள் உறுப்பின் செயலை அளப்பன அல்ல. சிதைந்த உயிரணுக்களினின்று குருதியிற் கசிபவை. முற்றிய கல்லீரற் சுருக்க நோயில், சிதைவதற்கு அணுக்களே அருகிவிட்டமையால், அவை இயல்பான அளவிலேயே நிற்றலும் கூடும். அதனைக் கண்டு மகிழ்வதற்கில்லை.

செயலை அறிய வேண்டின், கல்லீரல் ஆக்கித் தரும் பொருள்களை நோக்குதல் வேண்டும். ஆல்புமின் என்னும் புரதம் பாதியாகக் குறைய ஏறத்தாழ 20 நாள்கள் ஆகும். ஆதலின் அது நெடுநாட் குறையையே காட்டும். குருதி உறையும் நேரம் நீளுதலோ அண்மைத் தளர்ச்சியையும் விரைந்து உணர்த்தும். பித்தநாள அடைப்பினாலும் அது நீளலாம். வைட்டமின் கே ஊசியிட்டதும் சீர்பட்டால், கல்லீரலின் ஆக்கும் திறன் கெடவில்லை என்பர்.

இவ்விரண்டுடன் பிலிரூபின், வயிற்றில் நீர் கோத்தல், அறிவு மயக்கம் ஆகியவற்றையும் கூட்டி, 5 முதல் 15 வரை மதிப்பெண் இடும் முறையை 1973இல் லண்டனில் பியூ முதலிய மருத்துவர்கள் வகுத்தனர். மதிப்பெண் 10ஐ எட்டியவர்க்குக் குடலிறக்கம் போன்றவற்றிற்கான, அவசரமற்ற அறுவையை மருத்துவர்கள் பெரும்பாலும் தவிர்ப்பர். வேற்றுமொழி வழங்கும் ஊரில் உறவினர்க்காக ஒப்புதற் படிவத்திற் கையொப்பமிடுமுன், இம்மதிப்பெண் யாதெனக் கேட்டறிய நாம் தயங்க வேண்டுவதில்லை.