சொல் தெளிந்தால் உயிர் பிழைக்கும்
(வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் இளைஞர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



குளிர்காலத்தில் பன்னேர்கட்டாக் காடுகளிலிருந்து யானைக் கூட்டங்கள் ஜவளகிரி, தளி வழியாகச் சானமாவு வரை வருவது நம் எல்லைப்புறம் நன்கறிந்தது. ராகிக் கதிர் முற்றும் காலமும் அதுவே. ஆகவே, "யானை வருகிறது; வெளியே வராதீர்" என்று தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகிய மூன்றிலும் கூறும் ஒலிப்பெட்டியை ஓர் ஊர் இளைஞர்கள் தாமே செய்தனர். பாராட்டத்தக்க முயற்சி. ஆயினும் முதல் இரவில் கீச்சொலியும் இரைச்சலுமே மிகுந்தன. சொல் விளங்காத பெரியவர் ஒருவர், செய்தி யாதென அறியப் பரணிலிருந்து இறங்கிவிட்டார். நற்காலமாக யானைகள் வேறு பக்கம் சென்றன.

குறை எங்கே? ஆர்டுயினோ ஊனோ பலகையிலுள்ள மைக்ரோகண்ட்ரோலர் 5 வோல்ட்டைத் தரும், அல்லது நிறுத்தும். இடைப்பட்ட அளவைத் தராது. மடையை மாறி மாறித் திறந்து மூடி வயலுக்கு அளவாக நீர் விடுவதுபோல, மின்துடிப்பின் அகலத்தைக் கூட்டியும் குறைத்தும் அது குரலை உண்டாக்குகிறது. இதுவே பி.டபிள்யூ.எம். முறை. இளைஞர்கள் வைத்த துடிப்பு நொடிக்கு ஏறத்தாழ 7,800. மனிதச் செவி 20 முதல் 20,000 வரை கேட்கவல்லது. ஆதலால் குரலோடு துடிப்பும் கேட்டது.

பரிகாரத்தை முறையாகத் தேடினோம். முதலில் பலகையின் கம்பியைக் கழற்றி, ஒலிபெருக்கியின் உள்வாயிலைத் தரைக் கம்பியோடு இணைத்தோம். கீச்சொலி நின்றது, உறுமல் நிற்கவில்லை. எனவே உறுமல் மின்வழங்கியின் குறை. பாட்டரியை இணைத்ததும் அது மறைந்தது.

அடுத்து, கடிகாரத்தை 8-ஆல் வகுப்பதை நீக்கித் துடிப்பை 62,500 ஆக்கினோம். அது செவிக்கு எட்டாது. 1,000 ஓம் மின்தடையும் 33 நானோஃபாரட் கெப்பாசிட்டரும் கொண்ட வடிகட்டியை இடையில் வைத்தோம். அது ஏறத்தாழ 4,800-க்கு மேற்பட்ட அதிர்வுகளைப் படிப்படியாகத் தணிக்கும். பேச்சுக்கு அவ்வளவு போதும். பலகையின் மின்முனை அருகே 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரை வைத்தோம். ஒலிபெருக்கியின் தரைக் கம்பியைத் தனியே பாட்டரி வரை கொண்டு சென்றோம். பேச்சின் தொடக்கத்திலும் முடிவிலும் எழுந்த 'டக்' ஒலி, அளவைத் திடீரென மாற்றாமல் மெல்ல ஏற்றி இறக்கியதும் ஒழிந்தது.

நண்பர்களே, ஒரு வேளையில் ஒன்றையே மாற்றுங்கள். மாற்றியதைக் குறித்து வையுங்கள். இறுதியில், பெட்டியைச் செய்தவர் அல்லாத ஒருவரைப் பரண் மீது அமர்த்தி, கேட்டதைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். மூன்று மொழியினருக்கும் சொல் விளங்கினால்தான் பெட்டி காவலுக்குத் தகுதியுடையது.