குடிநோயும் பணியுரிமையும்
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



நாம் வாழும் கொல்கத்தா, கிழக்கு இரயில்வே, தென்கிழக்கு இரயில்வே ஆகிய இரண்டிற்கும் தலைமையிடம். ஆதலின் இரயில்வேயிலிருந்தே தொடங்குகின்றேன். அங்கே வண்டியோட்டி பணியேற்குமுன் மூச்சுச் சோதனைக்கு உட்படுகின்றார். பணியில் மதுமயக்கத்தோடிருத்தல் 1989ஆம் ஆண்டின் இரயில்வேச் சட்டம் 172ஆம் பிரிவின்படி குற்றம். பல உயிர்களைச் சுமந்து செல்லும் வண்டிக்கு இக்கண்டிப்பு வேண்டுவதே.

ஆயின், பிடிபட்ட மனிதரை அடுத்து என் செய்வது? வேலையினின்று நீக்கினால் குடி நின்றுவிடுமா? சம்பளம் நிற்கும், குவார்ட்டர்ஸ் போகும், பிள்ளைகளின் படிப்பு நிற்கும், குடி மட்டும் நிற்பதில்லை.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மதுவாலும் போதைப் பொருளாலும் விளையும் மனநிலைக் கேடுகளை மனநோயில் அடக்கியுள்ளது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 20ஆம் பிரிவு, பணிக்காலத்தில் ஊனமுற்ற ஊழியரை அரசு நிறுவனம் நீக்கலாகாது என்றும், அப்பணிக்கு அவர் இயலாராயின் அதே ஊதியத்தில் வேறு பணி தரவேண்டும் என்றும் விதிக்கின்றது. மனநோயுற்ற மத்திய ரிசர்வ் போலீஸ் படை அதிகாரி ஒருவர்மீது எடுத்த ஒழுங்கு நடவடிக்கையை உச்ச நீதிமன்றம் 2021 டிசம்பரில் தள்ளுபடி செய்தது. ஒழுங்கீனத்திற்கு நோய் ஒரு காரணமாயிருந்தாலே போதும், அதுவே முழுக் காரணமாயிருத்தல் வேண்டா என்பது அத்தீர்ப்பின் சாரம்.

இதனைக் கேட்டு, குடிப்பவர் யாவர்க்கும் சட்டம் கவசமாகும் என எண்ணற்க. 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் அட்டவணை மதுப்பழக்கத்தைப் பெயர் சுட்டிக் கூறவில்லை. நோய் கடுமையானது என மருத்துவச் சான்று வேண்டும். சான்றில்லாத நோய், விசாரணைத் தாளில் வெறும் ஒழுங்கீனமாகவே பதியும். மேலும், 20ஆம் பிரிவின் இக்காப்பு அரசு நிறுவனங்களுக்கே உரியது.

ஆகவே அன்பர்களே, குற்றப்பத்திரிகை வருமுன் மருத்துவரிடம் செல்லுதலே அறிவுடைமை. வீட்டார் மானங்கருதி மறைக்கும் ஒவ்வொரு மாதமும் அச்சான்றைத் தொலைக்கின்றது. மதுவால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் அம்மையார் 1980இல் சென்னையில் சிகிச்சை நிலையம் நிறுவினார். அந்நிலையம் நோயாளியோடு அவர் குடும்பத்தாருக்கும் வழிகாட்டி வருகின்றது.

கள்ளுண்ணாமைக்கு 93ஆம் அதிகாரம் வகுத்த வள்ளுவர், மருந்துக்கு 95ஆம் அதிகாரம் வகுத்தார். நோயாளி, மருத்துவன், மருந்து ஆகிய மூன்றோடு உடனிருந்து பேணுபவனையும் சேர்த்து மருத்துவத்தை நான்கு கூறென்றார். ஊரைவிட்டு வந்த நமக்கு அந்நான்காமவர் யார்? அண்டை வீட்டுத் தமிழரே, இச்சங்கமே. இனி ஒருவர் தள்ளாடி வரக்கண்டால் ஏளனம் செய்யாது, மறுநாட் காலை அவர் கைப்பற்றி மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வோமாக.